சஃபாரி ஜீப் போகாத பாதை: இலங்கைக் காடுகளும் நம் மக்களும்



இலங்கைச் சுற்றுலா விளம்பரங்கள் இப்போது கந்தர்வக்கோட்டைப் பக்கத்துக் கைப்பேசிகளிலும் வந்து விழுகின்றன. கொழும்பு, கண்டி, நுவரெலியா, அப்புறம் யால தேசியப் பூங்காவில் அரைநாள் சஃபாரி. திறந்த ஜீப், பாறை மேல் படுத்திருக்கும் சிறுத்தை, குளக்கரையில் யானைக்கூட்டம் என்று படங்கள். மனிதக் கை படாத காட்டைப் பார்க்க வாருங்கள் என்ற பொருளில் கீழே ஒரு வரி இருக்கும்.

அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இலங்கையின் தேசியப் பூங்காக்களில் மனிதக் கை படாத இடம் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. பல கைகள் பட்டிருக்கின்றன. சில கைகள் துப்பாக்கி பிடித்தன, சில கைகள் மண்வெட்டி பிடித்தன. மண்வெட்டி பிடித்த கைகளில் புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சை, சேலம், மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து போன தலித் மக்களின் கைகள் ஏராளம். காட்டைக் காட்டி விற்கிறவர்கள் இந்தக் கதையைச் சொல்வதில்லை. நாம் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சஃபாரி என்பது கிழக்கு ஆப்பிரிக்க சுவாஹிலி மொழிச் சொல். அதன் வேர் அரபியில் இருக்கிறது. நம் கடற்கரை ஊர்களில் முஸ்லிம் மக்கள் கடல் தாண்டிப் போவதைச் 'சபர்' என்றும், போனவரைச் 'சபராளி' என்றும் சொல்வார்களே, அதே வேர்தான். பொருள் பயணம். ஆகவே யார் யார் பயணம் போனார்கள், எதற்காகப் போனார்கள் என்பதிலிருந்தே தொடங்கலாம்.

யானை சரக்காக இருந்த காலம்

யாழ்ப்பாணக் குடாநாட்டை வன்னிப் பெருநிலத்தோடு சேர்க்கும் ஒடுங்கிய நிலத்துக்கு ஆனையிறவு என்று பெயர். வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை ஆழமில்லாத அந்த நீரேரி வழியாக ஓட்டிப் போய் யாழ்ப்பாணத்தில் விற்றார்கள். போர்த்துக்கீசியர் காலத்திலும் பின்னர் ஒல்லாந்தர் காலத்திலும் யானை ஏற்றுமதி அரசுக்குப் பெரிய வருமானம். வன்னியை ஆண்ட சிற்றரசர்கள் ஒல்லாந்தருக்குத் திறையாகவே யானைகளைக் கொடுத்தார்கள். வாங்க வந்தவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்தும் கோல்கொண்டாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்தவர்கள்.

யானையைப் பிடித்தது யார்? 'பணிக்கர்' என்று அழைக்கப்பட்ட தமிழ் பேசும் முஸ்லிம்கள். தோல் கயிற்றோடு யானையின் பின்னால் சென்று, காலில் சுருக்கு மாட்டி, மரத்தில் கட்டிவிடும் திறமை அவர்களுடையது. பணம் ஒல்லாந்தர் கம்பெனிக்குப் போனது. உயிரைப் பணயம் வைத்தவர்களின் பெயர்கள் எங்கேயும் இல்லை.

இந்தக் காலத்தில் யானைக்கு விலை இருந்தது. அடுத்து வந்த பிரிட்டிஷ் ஆட்சியில் அதன் தலைக்கு விலை வைக்கப்பட்டது.

வெகுமதிக்குச் சுட்ட யானைகள்

1815இல் கண்டி அரசு வீழ்ந்தது. மலைநாட்டுக்குச் சாலை போட்டார்கள், காப்பித் தோட்டம் போட்டார்கள். பயிருக்கும் சாலைக்கும் யானை இடைஞ்சலாக இருந்தது. கொன்றவருக்கு அரசாங்கம் வெகுமதி கொடுத்தது. இலங்கையில் காலனிச் செயலாளராக இருந்த எமர்சன் டென்னன்ட் எழுதி வைத்த கணக்குப்படி, 1848க்கு முந்தைய மூன்று ஆண்டுக்கும் குறைந்த காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு வெகுமதி கொடுக்கப்பட்டது. தென் மாகாணத்தில் 1851க்கும் 1856க்கும் இடையில் 2,000.

இதில் பேர் வாங்கியவர் பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் தாமஸ் ரோஜர்ஸ். 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாக அவர் பெயரில் கணக்கு இருக்கிறது. சாலைகள் அமைத்த தாமஸ் ஸ்கின்னர், கேப்டன் கால்வே ஆகியோரின் கணக்கும் ஆளுக்கு நூற்றுக்கணக்கில் போகும். நுவரெலியாவில் தங்கியிருந்த சாமுவேல் பேக்கர் வேட்டை நாய்களோடு மரை துரத்தியதைப் புத்தகமாகவே எழுதினார். 1845இல் ரோஜர்ஸ் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். இத்தனை யானையைக் கொன்ற பாவம்தான் என்று ஊர் பேசியது. யானையைக் கொன்றதற்கு அன்றைய சட்டத்தில் அவருக்குத் தண்டனை கிடையாது. வெகுமதிதான்.

அதே காலத்தில் இன்னொரு சட்டம் வந்தது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம். காடாகவும் தரிசாகவும் குடியிருப்பின்றியும் கிடக்கும் நிலமெல்லாம், வேறொருவருக்குச் சொந்தமென்று நிரூபிக்கப்படும் வரை, அரசாங்கத்துக்குச் சொந்தம் என்றது அது. சேனைப் பயிர் செய்து, சில ஆண்டு நிலத்தை ஆறப்போட்டு, திரும்ப வந்து விதைக்கும் கிராமத்து மக்களிடம் பட்டா எங்கே இருக்கும்? அவர்கள் ஆறப்போட்ட நிலம் 'தரிசு' ஆனது. காப்பி முதலாளிகளுக்கு மலிவு விலையில் போனது. புறம்போக்கு, தரிசு, மேய்ச்சல் நிலம் என்ற சொற்களை வைத்து நம் ஊரில் யார் நிலம் இழந்தார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இந்தச் சட்டத்தை விளக்கத் தேவையில்லை.

வன்னி வழியாக நடந்தவர்கள்

நிலம் கிடைத்தது. வேலைக்கு ஆள் வேண்டும். இங்கே தென் தமிழகத்தில் பஞ்சமும் பண்ணையடிமை முறையும் இருந்தன. கடன், சாதி, பட்டினி மூன்றும் சேர்ந்து மக்களைக் கடற்கரைக்குத் தள்ளின. படகில் மன்னார்ப் பக்கம் இறங்கி, வன்னிக் காட்டு வழியாக, தம்புள்ளை கடந்து மாத்தளை வரை கால்நடையாகப் போனார்கள். காலராவும் காய்ச்சலும் பட்டினியும் அந்த வழியில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றன. யானைக்கும் சிறுத்தைக்கும் கரடிக்கும் நடுவில் நடந்து போனவர்கள் அவர்கள். அன்றைய அதிகாரிகள் காட்டுக்குள் போனதற்குப் பெயர் வேட்டை. நம் மக்கள் போனதற்குப் பெயர் கூலி.

போனவர்களில் பெரும்பகுதியினர் பள்ளர், பறையர், சக்கிலியர் என்று பதிவேடுகளில் எழுதப்பட்ட தலித் மக்கள். மற்றச் சாதியினரும் போனார்கள். கங்காணிகளில் பலர் இடைநிலை, உயர்சாதிக்காரர்கள். கடனைக் 'துண்டு' என்ற காகிதத்தில் எழுதி, ஆளைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டார்கள். லயன் அறைகளிலும் சாதி பார்த்து இடம் ஒதுக்கினார்கள். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்பது சாஸ்திரம் சொன்ன பயம். அனுபவத்தில் சாதியும் அதே படகில் ஏறிப் போனது.

காட்டை அழித்தது யார் என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வோம். மரம் வெட்டும் வேலையைப் பல இடங்களில் சிங்களக் கிராமத்தவர்கள் ஒப்பந்தத்தில் செய்தார்கள். வெட்டி எரித்த சரிவைத் துப்புரவாக்கி, பாதை வெட்டி, குழி தோண்டி, நாற்று நட்டு, களையெடுத்தது தமிழகத்திலிருந்து போனவர்கள். 1870களின் இறுதியில் காப்பி இரண்டரை லட்சம் ஏக்கரைத் தாண்டியது. 1869இல் தொடங்கிய இலைத்துரு நோய் காப்பியை அழித்ததும், அதே சரிவுகளில் தேயிலை வந்தது. மலைநாட்டு ஈரக்காட்டில் சுற்றிய யானைகள் சுடப்பட்டும் விரட்டப்பட்டும் மறைந்தன. தேயிலைக்கு நடுவில் எஞ்சிய புல்வெளியான ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்கா ஆனது. இன்று அங்கே யானை கிடையாது. இலங்கை யானை என்றாலே தாழ்நில வறண்ட காட்டு விலங்கு என்ற தோற்றம் இப்படி உருவானதுதான்.

உத்தரவு போட்டது ஆளுநர், லாபம் எடுத்தது லண்டன் கம்பெனி, துரை பிடித்தது பிரம்பு. வேலை செய்த கூலியாளுக்கு அந்தக் காட்டில் ஒரு காணி நிலமும் கிடைக்கவில்லை. சுற்றுச்சூழல் வரலாறு எழுதுகிறவர்கள் 'மனிதர்கள் காட்டை அழித்தார்கள்' என்று பொதுவாக எழுதும்போது இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது.

வேட்டைக்காரர்கள் காவலர்களான கதை

சுட்டுச் சுட்டு விலங்கு குறைந்ததும் அவர்களுக்கே கவலை வந்தது. 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கப்பட்டது. தோட்டத் துரைமார்களும் வேட்டைப் பிரியர்களுமே அதில் முன்னின்றார்கள். பெயரைக் கவனியுங்கள். காப்பாற்ற நினைத்தது வேட்டைக்கு உகந்த விலங்கை. உரிமம், கட்டணம், வேட்டை கூடாத மாதங்கள் என்று விதிகள் இறுகின. பொழுதுபோக்குக்குச் சுடுகிறவரிடம் உரிமம் எடுக்கப் பணம் இருந்தது. வயிற்றுக்கு மான் பிடிக்கிறவரிடம் இல்லை. அவர் 'திருட்டு வேட்டைக்காரர்' ஆனார்.

1900இல் தென்கிழக்கில் யால ஒரு வேட்டைத்தடைக் காடாக அறிவிக்கப்பட்டது. அதை ஒட்டிப் பலட்டுபானைப் பக்கம் இருந்த பகுதி, தீவில் குடியிருக்கும் வேட்டைக்காரக் கனவான்களுக்கென்று தனியாக ஒதுக்கப்பட்டது. இன்று சஃபாரி ஜீப்புகள் வரிசை கட்டுகிற இடம் ஒரு காலத்தில் அந்தக் கனவான்களின் வேட்டைக்களம். யாலவின் முதல் காவலராக நியமிக்கப்பட்ட ஹென்றி எங்கல்பிரெக்ட் தென்னாப்பிரிக்காவின் போயர் இனத்தவர். போயர் போரில் கைதாகி இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, பிரிட்டிஷ் முடிக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க மறுத்ததால் ஊர் திரும்ப முடியாமல் போனவர். அரசரின் கைதியை அரசரின் காட்டுக்குக் காவல் வைத்தார்கள். அந்தக் காட்டை ஒட்டி வாழ்ந்த கிராமத்தவர்களுக்கு அந்தக் காட்டின் மேல் சொல் கிடையாது.

அந்தக் கிராமங்களின் நிலையை அறிய ஒரு சாட்சி இருக்கிறது. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனர்ட் வுல்ஃப், பின்னாளில் காலனி ஆட்சியை எதிர்த்து எழுதியவர். அங்கே பார்த்ததை வைத்து 1913இல் ஒரு நாவல் எழுதினார். காட்டுக்கு நடுவில் இருக்கும் ஒரு சிங்களச் சிற்றூர், சேனைக்கு அனுமதிச் சீட்டு தரும் அதிகாரத்தை வைத்திருக்கும் ஊர்த் தலைவன், கடன் கொடுப்பவன், புரியாத மொழியில் நடக்கும் நீதிமன்றம். கடைசியில் ஊரே அழிந்து காடு மூடிவிடுகிறது. ஜீப்பில் போகிறவர் 'ஆதிக் காடு' என்று நினைத்துப் பார்க்கும் இடங்கள் சிலவற்றின் அடியில் இப்படி ஊர்கள் இருக்கின்றன. யாலவுக்குள் சித்துல்பவ்வ என்ற பழைய பௌத்த மடாலயமும், தூர்ந்த குளங்களும் இன்றும் இருக்கின்றன. குளம் வெட்ட மக்கள் இருந்திருக்க வேண்டுமல்லவா?

1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1938இல் யாலவும் வில்பத்தும் தேசியப் பூங்காக்கள் ஆயின.

சுதந்திரத்துக்குப் பிறகு: அணை, பூங்கா, வெளியேற்றம்

1948இல் வெள்ளையர் போனார்கள். காட்டுக்குள் யார் இருக்கலாம் என்று மேலிருந்து முடிவெடுக்கும் முறை போகவில்லை. புதிய பூங்காக்களில் பல அணைக்கட்டுகளோடு சேர்ந்து பிறந்தவை. கல்லோயா நீர்த்தேக்கத்தைச் சுற்றி 1954இல் ஒரு பூங்கா. உடவளவை நீர்த்தேக்கத்தைச் சுற்றி 1972இல் இன்னொன்று. அணையால் இடமிழந்த விலங்குகளுக்குப் புகலிடம் என்று அதற்குக் காரணம் சொல்லப்பட்டது. அங்கே சேனை செய்துகொண்டிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள்.

1997இல் தேசியப் பூங்காவான மின்னேரியாவைப் பாருங்கள். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் நூற்றுக்கணக்கான யானைகள் அங்கே ஒன்று கூடும் காட்சி உலகப் புகழ் பெற்றது. ஏன் அங்கே கூடுகின்றன? கோடையில் குளத்து நீர் வற்ற, கரையில் புதுப்புல் முளைக்கிறது. அந்தக் குளம் ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் மகாசேன மன்னன் காலத்தில் வெட்டியது. கண்மாய் மாவட்டத்தில் பிறந்த நமக்கு, ஒரு கரை தானாக நிற்காது என்பது தெரியும். மண் சுமந்தவர்கள் இருப்பார்கள், மடை பார்த்தவர்கள் இருப்பார்கள். உலகமே வந்து பார்க்கும் அந்த 'இயற்கைக் காட்சி' மனித உழைப்பின் மேல் நடக்கிறது.

மிகக் கசப்பான கதை மாதுறு ஓயாவினுடையது. மகாவலித் திட்டத்தின் ஒரு பகுதியாக 1983 நவம்பர் மாதம் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தீவின் ஆதிக்குடிகளான வேடர்களின் கடைசி வேட்டைக்காடு அதற்குள் அடங்கிவிட்டது. தம்பானையைச் சேர்ந்த குடும்பங்கள் ஹெனானிகல என்ற குடியேற்றத்துக்கு மாற்றப்பட்டன. வயது முதிர்ந்த தலைவர் திசாஹாமியும் சில குடும்பங்களும் போக மறுத்துத் தம்பானையிலேயே தங்கினார்கள். தலைமுறை தலைமுறையாகத் தேனெடுத்த காட்டுக்குள் போனால் வழக்கு என்ற நிலை வந்தது. அவருடைய மகன் ஊருவரிகே வன்னில அத்தோ 1996இல் ஜெனீவாவில் ஐ.நா.வின் பழங்குடி மக்கள் பணிக்குழு முன் போய் முறையிட்டார். தம்பானை இன்று ஒரு சுற்றுலாத் தலம். வெளிநாட்டவர் வந்து வேடர்களோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். காட்டை எடுத்துக்கொண்டு, காட்டுவாசியைக் காட்சிக்கு வைத்தார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

வில்பத்து: திரும்பி வந்தவர்களும் 'ஆக்கிரமிப்பாளர்'களும்

இலங்கையின் மிகப் பெரிய தேசியப் பூங்கா வில்பத்து, 1,300 சதுர கிலோமீட்டருக்கு மேல். போர்க்காலத்தில் பல ஆண்டுகள் மூடிக் கிடந்து 2010இல் திரும்பத் திறந்தது. அதன் வடக்கு எல்லையை ஒட்டி மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழி என்று தமிழ் பேசும் முஸ்லிம்களின் ஊர்கள். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு மாகாணத்திலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். தமிழர் உரிமை பேசுகிற நாம் இதை முணுமுணுப்பாகச் சொல்லக் கூடாது, உரக்கச் சொல்ல வேண்டும்.

இருபது ஆண்டு புத்தளத்து முகாம்களில் இருந்துவிட்டு அவர்கள் திரும்பியபோது, ஊர்களில் காடு வளர்ந்திருந்தது. 2012இல் அப்பகுதி ஒதுக்கப்பட்ட காடாக அரசிதழில் வெளியானது. எங்கள் பழைய ஊர்களும் அதற்குள் போய்விட்டன என்றார்கள் மக்கள். வில்பத்தை முஸ்லிம்கள் அழிக்கிறார்கள் என்று கொழும்பில் பெரும் பிரச்சாரம் நடந்தது. சூழல் ஆர்வலர்களோடு இனவாதிகளும் அதில் சேர்ந்துகொண்டார்கள். மீள்குடியேற்றத்துக்காகக் காடு வெட்டியது சட்டவிரோதம் என்று 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்து, முன்னாள் அமைச்சர் ஒருவர் செலவில் மரம் நடச் சொன்னது.

சட்டம் மீறப்பட்டது என்பது தீர்ப்பு. அதை மறுக்க வேண்டியதில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. துரத்தப்பட்டவனின் முற்றத்தில் மரம் முளைத்தால் முற்றம் யாருக்குச் சொந்தம்? சேரியை எரித்துவிட்டு, ஆட்கள் திரும்பி வருவதற்குள் நிலத்தின் வகைப்பாட்டை மாற்றுவதை நம் நாட்டிலும் பார்த்திருக்கிறோம்.

காட்டையும் மக்களையும் ஒன்றாக வைக்க வழியே இல்லையா? அதே தீவில் ஒரு வழி நடைமுறையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரை வழியாகக் கதிர்காமத்துக்கு நடந்து போகும் பாதயாத்திரை, உகந்தை முருகன் கோயிலுக்கு அப்பால் குமன, யால காடுகளுக்குள் புகுந்து போகிறது. ஆண்டுதோறும் திருவிழாவுக்கு முன் குறிப்பிட்ட நாட்களுக்குக் காட்டுப் பாதையைத் திறந்துவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கானவர்கள், தமிழரும் சிங்களவரும், சில நாட்கள் காட்டுக்குள் நடந்து, அங்கேயே படுத்து எழுந்து போகிறார்கள். ஜீப்பில் ஏறினால்தான் காட்டுக்குள் போகலாம் என்ற விதிக்கு அரசே ஒரு விலக்கு வைத்திருக்கிறது. பக்திக்கு முடிகிற விலக்கு வேடரின் தேனுக்கு ஏன் முடியவில்லை?

ஒரே சிறுத்தை, இரண்டு விலை

யாலவில் சிறுத்தையைப் பார்க்க வெளிநாட்டவர் டாலரில் நுழைவுச்சீட்டு எடுக்கிறார்கள். ஒரு சிறுத்தை தெரிந்தால் கைப்பேசியில் செய்தி பறந்து, கொஞ்ச நேரத்தில் ஜீப்புகள் நெருக்கியடித்து நிற்கின்றன. இந்த நெரிசலைப் பற்றி இலங்கைச் சூழல் ஆர்வலர்கள் பல ஆண்டுகளாக எழுதி வருகிறார்கள்.

அதே சிறுத்தை மலையகத்தில் தேயிலைக்குள்ளும் உலவுகிறது. அங்கே கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அது காட்சிப் பொருள் அல்ல. குனிந்து நிற்கும்போது பாய்ந்து காயப்படுத்தும் பயம். 2021இல் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1,000 ரூபாய் நாள்கூலி அரசிதழில் அறிவிக்கப்பட்ட தொழிலாளி அவர். லயனைச் சுற்றி வரும் காட்டுப்பன்றிக்கு யாரோ வைக்கும் கம்பிச் சுருக்கில் சிறுத்தை மாட்டிச் சாகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் அப்படி மாட்டிய அரிய கருஞ்சிறுத்தை ஒன்று இறந்தபோது நாடே துக்கப்பட்டது. துக்கப்பட வேண்டியதுதான். லயன் அறையின் ஓட்டைத் தகரத்துக்குக் கீழே, சிறுத்தை நடமாட்டத்துக்கு நடுவில் படுத்துறங்கும் குடும்பங்களுக்காக அதே நாடு எப்போது துக்கப்பட்டது?

யானைக்கும் இதே கதை. 2011 கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 யானைகள். அவற்றில் பெரும்பகுதி பூங்காக்களுக்கு வெளியிலும் திரிகின்றன. அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 400 யானைகளும், 100 மனிதர்களுக்கு மேலும் இந்த மோதலில் சாகிறார்கள். சாகும் மனிதர்கள் யார்? வேலியோர நிலத்தில் இரவுக்காவல் இருக்கும் சிறு விவசாயி, கூலி. நுழைவுச்சீட்டுப் பணத்தில் அவருக்கு என்ன பங்கு என்று கேட்பது விலங்குக்கு எதிரான பேச்சு ஆகாது. பங்கு கிடைத்தால்தான் யானையும் பிழைக்கும்.

திரும்பி வந்தவர்கள், திரும்பவும் காடு

இந்தக் கதை தீவோடு முடிந்திருந்தால் நாம் அயல்நாட்டு வரலாறாகப் படித்துவிட்டுப் போகலாம். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றது. 1974இல் அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். யாரும் அந்த மக்களைக் கேட்கவில்லை.

கப்பலேறி வந்தவர்களில் ஒரு பகுதியினரை நீலகிரியில் குடியமர்த்தினார்கள். கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் அவர்களுக்கு வேலை தருவதற்காக 1968இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுதான் பின்னாளில் டான்டீ. அங்கேயும் தேயிலை போட்டது வனநிலத்தில், யானை நடமாடும் நிலத்தில். தாத்தா இலங்கையில் காட்டைத் துப்புரவாக்கித் தேயிலை நட்டார். பேரன் நீலகிரியில் அதே வேலையைச் செய்தார். 2022இல், நட்டம் என்று சொல்லி, டான்டீயின் 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை வனத்துறைக்குத் திருப்பித் தருவதாகத் தமிழக அரசு ஆணை போட்டது. தொழிலாளர்கள் குடியிருப்பையும் வேலையையும் நினைத்துத் தெருவில் இறங்கினார்கள். கூடலூரை ஒட்டித்தான் முதுமலை. அங்கே வனத்துறையின் சஃபாரி வண்டி நாள்தோறும் ஓடுகிறது.

இங்கே இளம் தோழர்கள் ஒரு சட்ட நுணுக்கத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். 2006 வன உரிமைச் சட்டப்படி பழங்குடியல்லாத மரபுவழி வனவாசிகள் உரிமை கோர வேண்டுமானால், 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அந்த வனத்தைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். 1964க்குப் பின் அரசே கொண்டுவந்து இறக்கிய மக்களால் அதைக் காட்ட முடியுமா? இலங்கையில் அவர்கள் தலைமுறைகளாக வாழ்ந்தும் அந்நியர். இங்கே அரசு சொன்ன இடத்தில் வாழ்ந்தும் ஆவணமற்றவர். நம் மாவட்டத்தின் தோப்புக்கொல்லை, லேணாவிளக்கு, அழியாநிலை முகாம்களில் இருப்பவர்களின் ஆவணச் சிக்கலும் இதற்குத் தூரமில்லை.

நாம் செய்ய வேண்டியது

காடு வேண்டாம், யானை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. காடு அழிந்தால் முதலில் தண்ணீர் இல்லாமல் போவது சேரிக்குத்தான். 'பாதுகாப்பு' என்ற சொல்லைக் கேட்டதும் நான்கு கேள்விகளைக் கேட்கப் பழகுவோம். இந்த இடத்தில் முன்பு யார் இருந்தார்கள்? இங்கே உழைத்தது யார்? யாருடைய வேட்டை விளையாட்டானது, யாருடைய வேட்டை குற்றமானது? வாசலில் வசூலாகும் பணம் யாருக்குப் போகிறது?

இரண்டாவது வேலை இன்னும் அவசரமானது. 2023இல், முதல் தொழிலாளர்கள் போய் 200 ஆண்டு ஆனதை நினைத்து, மலையக மக்களும் தோழமை அமைப்புகளும் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்தப் பழைய வழியிலேயே நடந்தார்கள். வழியில் செத்தவர்களின் பெயர் தெரியாததால் எல்லோருக்குமாக நடந்தார்கள். அந்தப் பெயர்களில் சில இன்னும் நம் ஊர்களில் இருக்கக்கூடும். 'கண்டிக்குப் போனவர்', 'சிலோன்காரர் வீடு' என்று பெயர் பெற்ற குடும்பங்கள் நம் தெருக்களில் இருக்கின்றன. பழைய பெட்டியில் மண்டபம் முகாமின் சீட்டு, தோட்டத்துச் சம்பளத் துண்டு, இந்தியக் கடவுச்சீட்டு, குடும்ப அட்டை என்று ஏதாவது கிடக்கும். கரையான் தின்பதற்குள் படம் எடுத்து, பேர், ஊர், தோட்டம், ஆண்டு குறித்து வையுங்கள். பாட்டிகள் சொல்வதை ஒலிப்பதிவு செய்யுங்கள்.

உரிமை கேட்கும் நாளில் அரசு கேட்பது காகிதத்தை. துரைமார் தாங்கள் சுட்ட யானைக்குக்கூடக் கணக்கு எழுதி வைத்தார்கள். நம் மக்கள் நட்ட செடிக்கும் நடந்த வழிக்கும் நாம்தான் கணக்கு எழுத வேண்டும்.

ஜெய்பீம்.